தாய்வீட்டுச் சூடு

ஆவுடையப்பனின் லேப்டாப் சூடாகிறது என்றால், ஓசூரில் அவருடைய மகள் மகிழினி அடுப்பில் எதையும் வைக்கவில்லை என்று அர்த்தம். கொஞ்ச நாளாக அது சூடாகிக்கொண்டேதான் இருந்தது.

பாளையங்கோட்டையில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு எலிவேஷன் என்கிற முகப்புப் படம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். அஸ்திவாரத்துக்கு இன்னும் வானம்கூடத் தோண்டியிருக்க மாட்டார்கள்; ஆனால் சொந்தக்காரருக்கு அது கட்டி முடித்து, வர்ணம் அடித்து, வாசலில் காரும் நிற்கிற மாதிரி படமாக வேண்டும். வெயில் இந்தப் பக்கம் விழ வேண்டும், கண்ணாடியில் மேகம் தெரிய வேண்டும். இதையெல்லாம் கணக்குப்போட்டு வரைவதற்குள் லேப்டாப்புக்கு மூச்சு முட்டிவிடும்.

அந்த வருஷங்களில் லேப்டாப்புகளுக்கு மூளை வளர வளர உடம்புச் சூடும் ஏறிக்கொண்டே போனது. உள்ளே இருந்த விசிறி வெறும் சத்தம்தான் போட்டது. அப்போதுதான் ஜோடித் தகடுகள் சந்தைக்கு வந்தன. தோசைக்கல் அளவில் இரண்டு தகடுகள். ஒன்றின் பெயர் மார்கழி, மற்றதன் பெயர் சித்திரை. மார்கழியை லேப்டாப்புக்கு அடியில் வைத்தால், அது உறிஞ்சுகிற சூடு முழுக்க, எத்தனை தூரத்தில் இருந்தாலும் சித்திரையில் போய் இறங்கிவிடும். எப்படி என்று கேட்டால் கம்பெனிக்காரர்கள் துகள், பிணைப்பு என்று என்னவோ சொன்னார்கள். ஜனங்கள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. சித்திரைமேல் பாலை வைத்தார்கள், பொங்கியது. கேஸ் சிலிண்டர் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்ட காலத்தில் அதுவே போதுமானதாக இருந்தது.

நம் ஆட்கள் எதையும் சும்மா விடுவார்களா. கொஞ்ச நாளிலேயே சித்திரைத் தகடு கல்யாணச் சீரில் ஏறிவிட்டது. குத்துவிளக்கு, பித்தளைக் குடம், கட்டில், அதோடு ஒரு சித்திரை. மார்கழி அப்பன் வீட்டு லேப்டாப்புக்கு அடியில், சித்திரை மகள் வீட்டு அடுப்படியில். அப்பன் வேலை பார்க்கப் பார்க்க மகள் வீட்டில் உலை கொதிக்கும். பெண் கேட்டு வருகிற தரகர்கள் ஜாதகத்துக்கு முன்னால் இதைத்தான் பேசினார்கள். "வாத்தியார் வீட்டுச் சூடு வெந்நீருக்குக்கூடக் காணாது. இவரு எலிவேஷன் போடுதாரு. கனமான ஃபைலு. நாள் பூரா அடுப்பு நிக்காது" என்று சொல்லித்தான் மகிழினியின் சம்பந்தம் முடிந்தது.

ஒருநாள் கொடுத்தால் முடிந்துபோகிற சீர் இல்லை இது என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் ஆவுடையப்பனுக்கு உறைத்தது. அவர் ஒரு நாள் லீவு போட்டால் போதும், ஓசூரிலிருந்து சம்பந்தி அம்மாள் உமாராணியின் போன் வந்துவிடும்.

"அண்ணாச்சி, நல்லாயிருக்கியளா? ஒண்ணுமில்ல, அடுப்பு லேசா மந்தமா இருக்கு. வேல ஏதும் கொறஞ்சிட்டோன்னு நெனச்சேன்."

கோபமாக ஒரு வார்த்தை இருக்காது. அதனால் பதிலுக்குக் கோபப்படவும் முடியாது. போன தீபாவளிக்கு அவர்கள் முறுக்கு சுட்டபோது ஆவுடையப்பனுக்கு நல்ல காய்ச்சல். வேலையும் கைவசம் இல்லை. இருந்தும் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, யாரும் கட்டப்போகாத ஒரு பத்து மாடி மாளிகையை வரைந்து, நீச்சல் குளத்துத் தண்ணீரில் ஒவ்வொரு அலையாகக் கணக்குப்போட லேப்டாப்புக்கு உத்தரவு கொடுத்தார். முறுக்கு மொறுமொறுவென்று வந்ததாகச் சேதி வந்தது. எழுந்திருக்கும்போது தலைசுற்றி மேஜை ஓரத்தில் விழுந்தார். டாக்டர் பாதி வேலையைக் குறைக்கச் சொன்னார். மகளிடம் மூச்சு விடக்கூடாது என்று மனைவி ஜெயபாரதியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இத்தனைக்கும் அந்தத் தகட்டின்மேல் அவருக்கு வெறுப்பு வரவில்லை என்பதுதான் வேடிக்கை. சொல்லப்போனால் அவருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. மகிழினி போனில் பேசுவது குறைவு. பேசினாலும் பக்கத்தில் ஆள் இருக்கிற பேச்சாகத்தான் இருக்கும். ஆனால் அவள் சித்திரைமேல் குளிர்ந்த பாத்திரத்தை வைத்த நிமிஷம் இங்கே அவர் உள்ளங்கைக்கு அடியில் கீபோர்டு குளிரும். காலையில் சின்னதாகக் குளிர்ந்தால் பால். நெடுநேரம் ஆழமாகக் குளிர்ந்தால் உலை. தோசை என்றால் சூடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி வரும். எல்லோருக்கும் வார்த்து முடித்துக் கொஞ்சம் இடைவெளி விட்டு, கடைசியாக ஒன்றிரண்டு வரும். அது அவள் தனக்காக வார்ப்பது. அது வந்த பிறகுதான் ஆவுடையப்பன் தன் தட்டைத் தேடி எழுந்திருப்பார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கிறுக்கு என்பார்கள்.

இப்போது பாலும் இல்லை, உலையும் இல்லை, தோசையும் இல்லை. சூடு ஏறியது, ஏறியபடியே நின்றது.

முதலில் அவர் லேப்டாப்பைத்தான் சந்தேகப்பட்டார். பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் விசிறியில் இருந்த தூசியைத் தட்டினார். நாலு மூலையிலும் கேரம் காய்களை முட்டுக்கொடுத்து அடியில் காற்றுப் போக வழி செய்தார். ஜன்னல் வெயிலில் இருந்து மேஜையை இழுத்துப் போட்டார். டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராகத் திருப்பிவைத்துக்கொண்டு, ஈரத்துண்டைப் பிழிந்து மடித்து அடியில் கொடுத்தார். துண்டு, இஸ்திரி போட்ட சட்டை மாதிரி காய்ந்து விறைத்தது. கடைசியில் லேப்டாப்பையும் தகட்டையும் தூக்கிக்கொண்டு மார்க்கெட் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ரீகனிடம் போனார்.

ரீகன் பேச்சுக்காரன். லேப்டாப்பைக் கழற்றி, உள்ளே சூட்டைக் கடத்துகிற பசையை மாற்றிக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசினான். பிறகு தகட்டின்மேல் சூடு அளக்கும் கம்பியை வைத்துப் பார்த்தான்.

"உங்க மெஷினு நல்லாருக்கு சார். தகடும் நல்லாருக்கு. அந்தப் பக்கந்தான் சூட்ட எடுக்க ஆள் இல்ல. சித்திரையில ஒண்ணும் வைக்காம வெறுமனே போட்டிருந்தா, அது எம்புட்டுச் சூட்டத்தான் தாங்கும்? ஓடைய மண்ணு வச்சு அடைச்ச மாதிரி எல்லாம் உங்க பக்கமே திரும்பி நிக்கும்."

"அங்க எம்மவ இருக்கா."

"அப்ப போன் போட்டு ஏதாவது அடுப்புல வைக்கச் சொல்லுங்க சார். இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்திய?"

கடை வாசலில் நின்றே போன் போட்டார்.

"என்னம்மா செய்யுத?"

"சமைச்சிட்டு இருக்கேம்ப்பா."

"என்ன சமையல்?"

"புளிக்குழம்பு வச்சிருக்கேன். கொதிக்கு." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க என்ன செய்யுதீங்க? வேலையா? சூடா இருக்கா அங்க?" என்று கேட்டாள்.

மார்கழித் தகடு அவர் கையில் கொதித்துக்கொண்டிருந்தது. மகள் பொய் சொல்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. கல்யாணமாகிப் போன பெண் அப்பாவிடம் சாப்பாட்டு விஷயத்தில் பொய் சொன்னால் அதற்கு எத்தனை காரணம் இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தார். அடுப்படிக்குள் விடவில்லையா? உடம்புக்கு ஏதாவதா? பட்டினி போடுகிறார்களா? தெருமுனை வருவதற்குள் ஒவ்வொன்றும் நடந்துவிட்ட மாதிரியே ஆகிவிட்டது. அவருக்கு அழுகை வந்தது. முனையில் நின்ற ஆட்டோக்காரர் பார்க்கிறார் என்று அடக்கிக்கொண்டார்.

"கூப்பிடாம பொண்ணு வீட்டுக்குப் போனா என்ன நெனைப்பாவ?" என்றாள் ஜெயபாரதி.

"என்னமும் நெனைக்கட்டும்."

வெறுங்கையோடு போக வேண்டாம் என்று அவள் பழமும் பூவும் வாங்கிக் கொடுத்தாள். லேப்டாப்பையும் தகட்டையும் அவர் பையில் வைத்துக்கொண்டார். போகிற இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தால் அங்கேயே அடுப்பு எரியுமே, அந்த அம்மாளுக்கு ஒரு குறையும் இருக்க வேண்டாம் என்ற எண்ணம். சண்டை போடப் போகிற ஆள் சீரையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார்.

ஓசூரில் கதவைத் திறந்தது மாப்பிள்ளை தர்ஷன். நல்ல பையன், ஆனால் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் நிற்க வேண்டி வந்தால் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்பான். "வாங்க மாமா" என்றவன் அடுப்படிப் பக்கம் திரும்பி, "மகி, மாமா வந்திருக்காங்க" என்றான்.

மகிழினி அடுப்படியிலிருந்து வரவில்லை. படுக்கையறையிலிருந்து வந்தாள். இளைக்கவில்லை, முகம் வாடவில்லை, கையில் மட்டும் பிழிந்த ஈரத்துண்டு. ஆவுடையப்பன் அந்தத் துண்டைப் பார்த்தார். அறைக்குள் கட்டில்மேல் அவளுடைய லேப்டாப் விசிறி இரைய ஓடிக்கொண்டிருந்தது.

"சித்திரை எங்க?" என்று கேட்டார். வந்தவுடன் நலம் விசாரிக்க வேண்டும் என்பதெல்லாம் மறந்துபோனது.

அவள் அவரைப் பின்பக்க பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். துவைக்கிற கல்லின்மேல் தகடு கிடந்தது. சுற்றிலும் சுவர் வெளுத்துப் போயிருந்தது. அடுப்படியில் புதிதாக ஒரு கரண்ட் அடுப்பு. அதில்தான் புளிக்குழம்பு கொதித்திருக்கிறது.

"நான்தான் இங்க கொண்டு போட்டேன். இனி யாரும் அதுல பாத்திரம் வைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா?"

"வைக்காட்டி உங்க லேப்டாப் சூடாகும். சூடானா நிறுத்திட்டு ரெஸ்ட் எடுப்பீங்கன்னு நெனச்சேன். காய்ச்சலோட உக்காந்து எங்களுக்கு முறுக்கு சுட்டுக் குடுத்தீங்களாம்லா. விழுந்தீங்களாம்லா. அம்மா சொல்லிட்டாங்க. அம்மாவ ஏசாதீங்க, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்."

ஆவுடையப்பன் குனிந்து தகட்டைப் பார்த்தார். துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ அடுப்புல வச்சாத்தாம்மா நீ நல்லாருக்கேன்னு எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "கையில தெரியும். பால் வைக்கிறது, தோச சுடுதது, கடைசியா உனக்குன்னு ரெண்டு ஊத்துவல்லா, அது எல்லாம். இத்தன நாளா ஒண்ணுமே வரல. நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்."

மகிழினி அவரையே பார்த்தாள். அப்பா வேலை பார்க்கிறார், அடுப்பு எரிகிறது என்பதோடு அவள் கணக்கு முடிந்திருந்தது. அந்தப் பக்கம் ஒருவர் கையை வைத்துக்கொண்டு தன் தோசையை எண்ணிக்கொண்டிருப்பார் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இத ஏம்ப்பா முன்னாலயே சொல்லல?" என்றாள்.

"நீ சொன்னியா?"

உமாராணி காபியோடு வந்து நின்றார். "வாங்க அண்ணாச்சி" என்றவர், தானாகவே, "அடுப்புன்னா எரியணும், அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஒரு ஆளு உக்காந்திருக்குன்னு தோணாமப் போச்சு" என்றார். மன்னிப்பு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஆவுடையப்பன் காபியை வாங்கிக்கொண்டார்.

"உன் லேப்டாப்புக்கு ஏன் ஈரத்துண்டு?" என்று மகளிடம் கேட்டார்.

"எனக்கும் சூடாகுதுப்பா." மழை பெய்தால் எந்த ஊரில் எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே கணக்குப்போட்டுச் சொல்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. "உங்க எலிவேஷனவிடக் கனமான ஃபைலு. உங்களுக்குச் சூடாகக்கூடாதுன்னு மார்கழி, இவங்க வீட்டு அடுப்புக்குச் சித்திரை. எனக்குச் சூடாகுதான்னு இதுவரைக்கும் யாரும் கேக்கல."

தர்ஷன் செல்போனைப் பையில் போட்டான்.

"அப்பா, நீங்க கொண்டு வந்திருக்கிற மார்கழிய எனக்குக் குடுங்க. இந்தச் சித்திரைய நீங்க எடுத்துட்டுப் போங்க. இனிமே என் சூட்டுல நீங்க சமைங்க."

அப்போதுதான் சம்பந்திகள் இருவரும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

"அதெப்படி? பொண்ணக் கட்டிக்குடுத்த வீட்டுலருந்து சூட்ட வாங்கிப் பெத்தவங்க சமைக்கிறதா? ஊருல கேட்டா சிரிப்பாவ" என்றார் உமாராணி.

"தங்கச்சி சொல்லுததுதான் சரி" என்றார் ஆவுடையப்பன். "மக வீட்டுல கை நனைக்கவே நாங்க யோசிப்போம். நீ வேற ஏதாவது சொல்லும்மா."

"தகடு யாரோட சீரு?"

"உன்னோடதுதான்."

"அப்ப அத யாருக்குக் குடுக்கணும்னு நான் சொல்லலாம்லா?"

தர்ஷன்தான் போய்ச் சித்திரையை எடுத்துத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி மாமனாரின் பையில் வைத்தான். அவன் அந்த வீட்டில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது அன்றைக்குத்தான்.

பாளையங்கோட்டைக்கு வந்த சித்திரையைப் பார்த்து ஜெயபாரதி தலையில் கை வைத்துக்கொண்டாள். விஷயம் தெரிந்ததும் கொஞ்சம் அழுதாள், கொஞ்சம் சிரித்தாள். ஆனால் அடுப்படியில் வைக்கிற பேச்சு வந்ததும் இருவருக்குமே கை வரவில்லை. மகள் சம்பாத்தியத்தில் ஒரு சேலைகூட வாங்கிக்கொள்ளாதவர்கள், அவள் உழைப்பில் உலை வைப்பதா? அதற்காகத் தூக்கிப் பரணில் போடவும் மனசு வரவில்லை. மகள் கொடுத்தது அல்லவா. ஜெயபாரதி தகட்டைக் கழுவி, மஞ்சள் தடவி, நாலு மூலையிலும் குங்குமம் வைத்து, சாமி படங்களுக்குக் கீழே பூஜை அலமாரியில் வைத்தாள். ஆவுடையப்பன் பார்த்துவிட்டு, "அதுதான் சரியான இடம்" என்றார். வீட்டில் பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று இருந்தது. அதை வைத்து ஒப்பேற்றிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

அவரும் கனமான படங்களை விட்டுவிட்டார். மார்கழி இல்லாத லேப்டாப்பில் அது நடக்கவும் நடக்காது. பென்சிலால் கோடு போட்டு, வர்ணம் தீட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். ஒன்றிரண்டு பேர் அதைத்தான் விரும்பிக் கேட்டார்கள். மத்தியானம் ஒரு தூக்கம் போட முடிந்தது. கைக்குக் கீழே எதுவும் குளிராதது மட்டும் அவருக்கு என்னவோ போல இருந்தது.

ஐப்பசி பிறந்து வங்காள விரிகுடாவில் மழை திரண்ட ஒரு முற்பகல். அதுவரை அலமாரித் தகடு லேசாக வெதுவெதுத்ததோடு சரி. பூஜை அலமாரியிலிருந்து ஒரு வாடை வந்தது. போய்ப் பார்த்தால் கற்பூரம் டப்பாவோடு காணாமல் போயிருந்தது, சந்தனம் வெடித்திருந்தது, பிள்ளையார் படத்தின் பிளாஸ்டிக் உறை சுருண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஜெயபாரதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மகிழினி.

"அப்பா, என்ன சமையல் இன்னைக்கு?"

"சாம்பாரும்மா. கொதிச்சிட்டு இருக்கு" என்றார் ஆவுடையப்பன்.

"எதுல?"

"எதுலன்னா, நீ குடுத்த சித்திரையிலதான்."

"இங்க கீபோர்டுல விரல வைக்க முடியலப்பா." அவள் குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. "காலையிலருந்து ரெண்டு தடவ அணைஞ்சிட்டு. கடலூர்ப் பக்கம் எந்தெந்தத் தெருவுல ஆள எழுப்பிக் கூட்டிட்டுப் போகணும்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லியாகணும். நீங்க அத எங்க வச்சிருக்கீங்க?"

ஆவுடையப்பன் பிள்ளையாரைப் பார்த்தார். பிள்ளையார் பாதி உருகியிருந்தார்.

"பூஜ ரூம்ல" என்றார்.

அவள் மெதுவாக, "கும்பிட வேண்டாம்ப்பா. ஒரு பானையத் தூக்கி வைங்க" என்றாள்.

கைத்துண்டைச் சுற்றித் தகட்டைத் தூக்கிக்கொண்டு அவர் அடுப்படிக்கு ஓடினார். ஜெயபாரதி மறுபேச்சுப் பேசாமல் பெரிய பானையில் தண்ணீர் பிடித்து அதன்மேல் வைத்தாள். சுர்ரென்று ஒரு சத்தம். இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போனில் மகிழினி "ம்" என்றாள், கொஞ்ச நேரத்தில், "இப்ப பரவால்ல. வச்சிடுதேன்" என்றாள்.

உலை கொதித்தது. ஜெயபாரதி அரிசியைப் போட்டாள். சோறு வெந்து இறக்கியதும், "அடுத்து என்னத்த வைக்க? சூடு ஏறிருமே" என்றாள்.

"சாம்பார் வை."

சாம்பாருக்குப் பிறகு உருளைக்கிழங்கு. அப்புறம் பாசிப்பயறு, அப்புறம் ரசம், கடைசியில் பாயசம். பாத்திரம் இறங்குவதற்குள் அடுத்த பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரோடு தயாராக வைத்துக்கொண்டு ஆவுடையப்பன் பக்கத்திலேயே மணைபோட்டு உட்கார்ந்தார். தண்ணீரின் அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்புவதைப் பார்த்தார். நடுவில் ஒரு தடவை குமிழி நின்றது. சாப்பிடப் போயிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு அவர் நிம்மதியானார். மறுபடி கிளம்பியது. அவள் வேகம் பிடித்துவிட்டாள் என்று தோன்றியதும் ஜெயபாரதியிடம் இன்னும் பெரிய பானை கேட்டார்.

சாயங்காலம் மழை தூற ஆரம்பித்தபோது இரண்டு பேர் இருக்கிற அந்த வீட்டில் ஒரு பந்திக்குத் தேவையான சாப்பாடு இருந்தது. ஆவுடையப்பன் சோறும் சாம்பாரும் பாயசமுமாக அடுக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, தெருவில் வீடு வீடாகப் போனார். எதிர்வீட்டு டீச்சர் திறந்து பார்த்துவிட்டு, "பாயசமெல்லாம் இருக்கு. வீட்டுல என்ன விசேஷம் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"விசேஷம்னு ஒண்ணுமில்ல டீச்சர்" என்றார் ஆவுடையப்பன். "எம்மவ வேல பாத்துட்டு இருக்கா."